கிணற்றிலிருந்து பத்தடி

எண்பதுகளில் விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை மேசையில் அருகருகே வைத்து, மேலே இரட்டைக் கண்ணாடியைப் பொருத்தினாள் நில அளவையாளர் சாரங்கா.

"ரெண்டு கண்ணாலையும் பாருங்கோ ஐயா. மரம், வீடெல்லாம் எழும்பி நிக்கும்."

தன் பழைய காணியைத் தேடி வந்திருந்த முதியவர் கனகலிங்கம் குனிந்து பார்த்தார். "ஓம் பிள்ளை! என்ர ரெண்டு பனையும் நிக்குது. அங்கால கிணறு!"

"காணி உங்கடது எண்டதுக்கு இது நல்ல சாட்சி. ஆனா அரசாங்கம் எடுத்த காணி, திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."

"காணி வேண்டாம். கிணறு இருந்த இடம் இப்ப எதெண்டு மட்டும் சொல்லும். எல்லாத்தையும் இடிச்சு நிரவிப்போட்டாங்கள், அடையாளம் பிடிக்கேலாமக் கிடக்கு."

சாரங்கா புதிய வரைபடத்தில் அளந்து புள்ளி வைத்தாள். "கிணறு றோட்டுக் கரையிலை வருது."

"அதிலையிருந்து கிழக்காலை பத்தடி?"

"நடு றோட்டு. ஏன் ஐயா?"

"கடைசிச் சண்டையிலை செல் குண்டு விழுந்து செத்த என்ர மகளை அதிலைதான் குழி வெட்டித் தாட்டனான்."

அவர் மறுபடியும் கண்ணாடிக்குள் குனிந்தார். நிமிராமலே சொன்னார்:

"பத்து வருசமா ஒவ்வொரு நாளும் அந்த றோட்டாலைதானே பிள்ளை, நான் சைக்கிள் ஓடுறன்."