மயிரிழை வளைவு

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. தப்பு மனுஷன் மேலயா, இந்தக் கருவி மேலயா? என் மகளுக்கு அது தெரிஞ்சே ஆகணும்."

அந்த அம்மாள் பெட்டியை மேசைமேல் நகர்த்தினாள். உள்ளே ஒரு பழைய செக்ஸ்டன்ட். செயற்கைக்கோள் வழி சொல்லாத காலத்தில், சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பித்தளைக் கருவி.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பழைய கப்பல் கருவிகளைப் பழுது பார்ப்பவர். பித்தளைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். கட்டிய மனைவியின் சமையலைக்கூடப் பொய்யாகப் புகழத் தெரியாமல் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனிதர்.

"யாரோடதும்மா இது?"

"இவ அப்பாவோடது." பின்னால் நின்ற மகளைக் காட்டினாள். முப்பது வயதிருக்கும். பெட்டியைப் பார்க்காமல் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல்ல அதிகாரியா இருந்தார். பாறையில மோதிக் கப்பல் போச்சு, அவரும் போயிட்டார். படகுல தப்பிச்சவங்க இதைக் கொண்டுவந்து குடுத்தாங்க. விசாரணையில அவர் போட்ட கணக்கு தப்புன்னு முடிச்சுட்டாங்க. கருவியை ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கல. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் இவளையும் கையோட இழுத்துட்டு வந்தேன்."

பித்தளைக்காரர் கருவியின் கண்ணாடிகளைத் துடைத்தார். சட்டத்தைச் சமப்பலகையில் படுக்கவைத்து, எங்காவது வளைந்து அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கசியவில்லை. அளவுக்கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் கனகச்சிதம்.

கருவி சரி என்றால் மனிதர்தான் தப்பு. செத்துப்போனவர் மேல் அந்தப் பழியை இன்னொரு தடவை, அதுவும் பெற்ற மகள் எதிரிலேயே, எப்படி ஏற்றுவது? அடப்பாவமே, என்னால் ஆகாது என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் கூசக் கூச ஒரு பொய்யைச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. கருவிதான் கோளாறு. சட்டம் மயிரிழை வளைஞ்சிருக்கு. கப்பல்ல வெச்சு சரிபார்த்தா பிடிபடாது. பாவம், அவர் கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கார்."

"அது... எப்படி வளையும்?" மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

காரணமும் ஒன்று சொல்லிவிட்டால் நம்பிவிடுவாள் என்று அவருக்குப் பட்டது.

"கீழ விழுந்திருக்கும்மா. ஒரே ஒரு தடவை விழுந்தா போதும்."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

"அய்யோ, என்னய்யா இப்படிச் சொல்லிட்டீங்க!" தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் கப்பலேறின அன்னிக்கு இவதான் இதை எடுத்து விளையாடிக் கீழ போட்டா. ஆறு வயசு. பயந்துபோய் சத்தமில்லாம பெட்டியில வெச்சுட்டா. அப்பாவை நான்தான் கொன்னேன்னு சொல்லிச் சொல்லியே உருகிப்போயிட்டாய்யா. கருவியில ஒரு குறையும் இல்லைன்னு உங்க வாயால கேக்கட்டும்னுதான் கூட்டிட்டு வந்தேன். அவர் மேல பழி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், இவளாவது பொழைக்கட்டும்னு நினைச்சேன். முன்னாடியே சொன்னா, நான் சொல்லிக்குடுத்துதான் நீங்க சொல்றீங்கன்னு நினைப்பாளேன்னு..."

பித்தளைக்காரர் பதறிப்போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா! கருவி நல்லா இருக்கும்மா. சத்தியமா நல்லா இருக்கு. நான் சொன்னதுதான் பொய்!"

மகள் நிமிர்ந்து, அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல் மெல்லச் சிரித்தாள்.

"பரவாயில்லீங்கய்யா. எனக்காக இந்த வயசுல புதுசா பொய் சொல்லிப் பழகாதீங்க."