சொல்லிக்கொண்டு கிளம்பியவர்

வெளிநாடொன்றின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட ஜனாதிபதியின் மனைவி, மூன்று வருடம் கழித்து, 1974இல், மெல்பேர்னில் குணரத்தினத்தின் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். அந்த ஜனாதிபதிக்கு இராஜதந்திர ஆலோசகராக இருந்தவர் குணரத்தினம்.

"மறுநாள் காலையே நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்றுதான் சொன்னேன், மேடம். அவர் கேட்கவில்லை."

தான் மட்டும் தப்பி வந்த குற்ற உணர்வுக்கு இத்தனை நாளும் அந்த ஒரு சமாதானம்தான் மருந்தாக இருந்தது.

"கேட்டாரே. பெட்டி கட்டியாயிற்று. விமானமும் தயாராக நின்றது."

"பிறகு ஏன் ஏறவில்லை?"

"உங்களை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று மத்தியானம்வரை காத்திருந்தார். அதற்குள் கிளர்ச்சிப் படை வந்துவிட்டது."

"எனக்காகவா? நான் முதல் நாள் மாலையே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேனே."

"நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், நினைவிருக்கிறதா?"

குணரத்தினத்துக்கு நினைவிருந்தது. தன் ஊரான யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு வாசலிலும் விடைபெறும்போது சொல்வதைத்தான் அன்று அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்.

"போயிட்டு வாறன்."