மெல்ல அழுத்த வேண்டும்

பேனாவை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பின் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு சுஹானா கையை எடுத்துக்கொண்டாள்.

போதும். ரீஃபிலைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அழுத்த வேண்டும்.

பேனாவின் நடுவில் பொருத்தும் அந்தப் பித்தளைத் திருகு மயிரிழை கூடுதலாக உள்ளே போய்விட்டால், எழுதும் முனை வெளியே நீட்டிக்கொண்டே நிற்கும். எந்தப் பக்கம் திருகினாலும் உள்ளே போகாது. பிடுங்கப் பார்த்தால் மரம் பிளந்துவிடும்.

முதல் பேனா அப்படித்தான் வீணாயிற்று.

காஜா மைதீன் வீட்டார் வந்து பேசிவிட்டுப் போன மாலை அது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டவளுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. எப்போதோ ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கி அப்படியே போட்டிருந்த, பேனா செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டியைப் பிரித்தாள். கறுப்பு மரக் குழலில் கொடிபோல வெட்டிய பள்ளம். அதில் வெளிர் மரச் சில்லுகளைப் பதிக்க வேண்டும். பதித்தாள். பசை காயக்கூட விடாமல் உப்புத்தாளால் தேய்த்தாள். இருந்த ஆத்திரமெல்லாம் கிளாம்பில் இறங்கியது.

சில்லுகள் பாதி உதிர்ந்தன. முனை நீட்டிக்கொண்டு நின்றது.

என்ன சத்தம் என்று கதவைத் தட்டிய அம்மாவிடம் அன்று ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் சுஹானாவுக்கு இன்றும் முகம் எரிகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. சிங்கம்புணரி மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால் அம்மா கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஒரு மதியம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள் சுஹானா. அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பருக்கைகள் காய்ந்து போயிருந்தன. அத்தா மவுத்தாகி அடக்கம் ஆனதிலிருந்து அம்மா இப்படித்தான் சாப்பிடுகிறாள் போலும். சுஹானாவின் கண்ணில் அன்றுதான் பட்டது.

சாயங்காலம் விளக்குப் போடும்போது, அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாள். அறைக்குள் போய் இன்னொரு பேனாப் பெட்டிக்கு ஆர்டர் போட்டாள்.

இந்தத் தடவை ஒவ்வொரு சில்லிலும் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பதித்தாள். இடுக்குகளில் பசை இறங்கியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் தொடாமல் விட்டுவைத்தாள். கடைசி அழுத்தம் மட்டும் பாக்கி இருந்தது. அதற்குத் தைரியம் வராமல் தள்ளிக்கொண்டே போய், இதோ, நிக்காஹ் நாளும் வந்துவிட்டது.

கீழே பிரியாணியைத் தம் போட்டுவிட்டார்கள். கூடத்தில் ஆட்களின் பேச்சுச் சத்தம்.

அம்மா உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சுஹானாவின் முதுகைத் தடவினாள்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. உனக்கு மனசு இல்லேன்னா சொல்லிரும்மா, நிறுத்திருவோம்."

"நடக்கட்டும்மா."

கிளாம்பைக் கடைசியாக ஒருமுறை மெல்லத் திருகினாள். பேனாவை எடுத்துத் திருப்பினாள். முனை வந்தது. மறுபடி திருப்பினாள். உள்ளே போய்விட்டது.

கதவு தட்டும் சத்தம். அம்மாவின் தம்பி தாஹா மாமா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சாட்சிக்காரர்கள், கையெழுத்து வாங்க நிக்காஹ் புத்தகத்தோடு.

சுஹானா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சிங்கம்புணரி காஜா மைதீனுக்கு உங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதிக்கிறீகளா, ஜரீனா அக்கா?"

அம்மா மகளையே பார்த்தாள்.

சுஹானா பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேனாவை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அம்மா சொன்னது வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மாமா மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.

இந்தமுறை ஜரீனா தலை நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.