மெஸ் வாசலில் நின்ற லாரிகள்

“முதல்ல அந்த மெஸ்ஸை மூடணும். அப்பதான் லாரித் தொல்லை ஒழியும்” என்றார் மருந்துக்கடை அண்ணி.

யாரும் மறுக்கவில்லை. சுரங்கத்திலிருந்து தாது ஏற்றிய லாரிகள் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ரோட்டில் ஓட ஆரம்பித்ததிலிருந்து, அந்தத் தெருவில் காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாக வீட்டுக்குள் வந்ததில்லை. இருமல் மருந்து மட்டும் அமோகமாக விற்றது. இந்த வியாபாரமே எனக்கு வேண்டாம் என்று கடையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கியவர் அண்ணி. சுரங்கக்காரர்கள் தனிப்பாதை போட்டுக்கொள்ளட்டும், ஊர் ரோட்டை விட்டுவிடட்டும் என்பதுதான் கோரிக்கை.

மறியலுக்குத் தெருவே திரண்டு வந்தது. மெஸ்காரம்மா மட்டும் வரவில்லை. கூப்பிடப் போனவர்களிடம், உலையில் அரிசி கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டார்.

அவருக்கென்ன, லாரி ஓடினால்தானே பிழைப்பு என்று பேசிக்கொண்டார்கள். ஊரெல்லாம் மதியம் சாப்பிட்டால், அந்த மெஸ்ஸில் டீ குடிக்கிற நேரத்துக்குத்தான் சோறே வெந்திருக்கும். அதற்கும் பக்கத்துக் காலி மனையில் லாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு டிரைவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

“சோத்துல என்ன வசிய மருந்தைப் போடுதோ அந்தம்மா” என்றார் தையல்காரர்.

அன்று எல்லோரும் சேர்ந்து மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது டிரைவர்கள் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

லாரிக்காரர்களுக்கு இனி இங்கே சாப்பாடு கிடையாது, மீறினால் தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம் என்று அண்ணி சொல்லி முடித்தார்.

மெஸ்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “நாளைக்கு மூடிடறேன் அண்ணி. இன்னிக்கு மட்டும் இவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்.”

“இப்பவே கிளம்பச் சொல்லுங்க.”

“கொஞ்ச நேரம்தான்…”

“உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா எங்க வயித்தெரிச்சல் தெரியும்.”

மெஸ்காரம்மா ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

மூத்த டிரைவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. அடுப்படிப் பக்கம் வந்து நின்றார்கள்.

“சாவியைக் குடும்மா தங்கச்சி. இனி நம்ம கையில என்ன இருக்கு?” என்றார் மூத்தவர்.

மெஸ்காரம்மா அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே லாரிச் சாவிகள் குலுங்கின. எடுத்தாரே தவிர, கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஓகோ, சாவியை அடகு வாங்கிட்டுத்தான் சோறு போடறதா?” என்று கேட்டார் தையல்காரர்.

மூத்த டிரைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“உங்க வாய்க்கு ஒரு தையல் போடுங்க சார். லேட்டாப் போனா கம்பெனியில எங்களுக்குத் திட்டு விழும். தெரிஞ்சேதான் உட்கார்ந்திருக்கோம். வெளிய தெரிஞ்சா இங்க நிறுத்தவே விடமாட்டாங்க. அதான் தங்கச்சி உங்ககிட்டகூட மூச்சு விடலை.”

“எதை?” என்றார் அண்ணி.

“ஸ்கூல் விட்டு, உங்க பிள்ளைங்க கடைசி ஆள் வரைக்கும் ரோட்டைத் தாண்டின பிறகுதாம்மா இந்தச் சாவி எங்க கைக்கு வரும்.”

தெருக்கோடியில் பள்ளிக்கூட மணி அடித்தது.

அண்ணி கை நீட்டி அந்த டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். மெஸ்காரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உட்காருங்கண்ணே” என்றார் மூத்த டிரைவரிடம். “பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சா எப்படி? மெதுவா சாப்பிடுங்க… ரொம்ப மெதுவா.”