பாறையனா, பனிவேடனா?

“ஒரே அடி. ஆளு தூள் தூளாயிடுவான்” என்று, வாசலில் கண்ணாடி இறக்கி நின்ற காரில் சின்னவன் ஸ்டியரிங்கில் குத்தினான். பக்கத்தில் இருந்த பெரியவன், விரலை நீட்டி எகிறிக்கொண்டிருந்தான்.

மாடி ஜன்னலில் நின்ற அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. காலையிலிருந்து இருவரும் போனை எடுக்கவில்லை. சின்ன ஆபரேஷன்தான், அப்பாவைக் கையோடு கூட்டி வருகிறோம் என்று கிளம்பிப் போனவர்கள்.

பாறையனும் பனிவேடனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற சண்டை இது. படக்கதைப் புத்தகத்துக்கு அடித்துக்கொண்ட காலத்தில் ஆரம்பித்தது. ஒருவன் மருந்துக்கடை முதலாளியாகி, இன்னொருவன் கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியாராகியும் முடிந்தபாடில்லை.

இல்லாத ஆட்களுக்காக ஏன்டா மண்டையை உடைச்சுக்கிறீங்க என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். அதற்குச் சின்னவன் சொன்னான்: “நிஜத்துல நம்ம கையில என்னம்மா இருக்கு? இதுல மட்டும்தான் யாரு ஜெயிக்கணும்னு நாம சொல்லலாம்.”

கீழே வாதம் சூடு பிடித்தது. பாறைக்குள் பனி இறங்கினால் விரிசல் விடும் என்றான் பெரியவன். விரிசல் விடுவதற்குள் பனிவேடனின் கழுத்து இருக்காது என்றான் சின்னவன்.

வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்று சிரிப்பைக் காணோம். ஒருவனும் மாடியை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு முடியாத மனுஷனைப் பின் சீட்டில் தூங்கவைத்துவிட்டு இதென்ன கூத்து? இரண்டு தடியன்களையும் காதைத் திருகி இழுத்துவர வேண்டும் என்று படியிறங்கினாள்.

காரின் பின்பக்கமாகச் சுற்றி வந்தாள். அவள் வந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

“சரிடா, உன் பாறையனே ஜெயிச்சான்னு வெச்சுக்கோ. ஆனா என்னால முடியாதுடா” என்றான் பெரியவன்.

அவள் குனிந்து பின் சீட்டைப் பார்த்தாள். அவருடைய செருப்பு மட்டும் இருந்தது.

“பேச்சு மாறாதண்ணே. தோத்தவன்தான் அம்மாகிட்ட சொல்லணும்.”