மறைந்த நாலாவது பதில்

"முப்பத்தெட்டா? நூத்துக்கு முப்பத்தெட்டா?"

தலைமை நர்ஸ் அனார்கான் போட்ட சத்தத்தில், தடுப்பூசி அறைக்கு வெளியே காத்திருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழ ஆரம்பித்தன.

"எஜே, நிறைய கேள்விக்கு சரியான பதிலே அதுல இல்ல..." என்று இழுத்தாள் ஊசி அறை நர்ஸ் சல்கின். மூத்தவளை எஜே என்றுதான் கூப்பிட வேண்டும், அவள் திட்டிக்கொண்டிருந்தாலும்.

"ஆமாமா, தலைநகர் பிஷ்கேக்ல இந்தக் கம்ப்யூட்டர் பாடமும் பரீட்சையும் தயாரிச்ச டாக்டருங்களுக்கு பதில் தெரியல, உனக்குத்தான் தெரியுமாக்கும்! மத்த பதினோரு பேரும் பாஸ் பண்ணலையா?"

பண்ணினார்கள்தான். அவர்கள் மாடியில் இருந்த கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து எழுதினார்கள். சல்கினுக்கு ஊசி அறையை விட்டு நகர ஏது நேரம்? ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில், அந்த அறைக் கம்ப்யூட்டரிலேயே எழுதினாள்.

"ரெண்டு தடவை ஃபெயில். மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்துக்கு ஒரு நர்ஸ் கேட்டிருக்காங்க. உன் பேரைக் கொடுத்தாச்சு."

"எஜே, பாப்பாவுக்கு இன்னும் ரெண்டு வயசுகூட ஆகல. அங்க அவளைக் கூட்டிட்டுப் போய் வெச்சுக்க முடியாது."

"படிக்கும்போது அந்த ஞாபகம் வந்திருக்கணும்."

சல்கின் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வியாழக்கிழமை வண்டியேறினாள். ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. கணவாய் மூடிவிட்டது. இனி ஏப்ரல் வரைக்கும் போக்குவரத்து கிடையாது.

அடுத்த வாரம் அதே பரீட்சையை அனார்கானும் எழுத வேண்டியிருந்தது. "இந்த ஆஸ்பத்திரியில உருப்படியான கம்ப்யூட்டர் இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கண்ணைக் கெடுக்கிற டப்பா" என்று சொல்லிக்கொண்டு ஊசி அறையில் போய் உட்கார்ந்தாள்.

வாங்கியது நாற்பத்தொன்று.

கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டர் பார்க்கும் உலானைக் கூப்பிட்டாள். "பாடத்துலயே கோளாறுடா. பாதிக் கேள்விக்கு சரியான பதிலே இல்ல!"

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

உலான் திரையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். "பாடம் நல்லாத்தான் இருக்கு எஜே. யாரோ எழுத்தை ரெண்டு மடங்கு பெருசாக்கி வெச்சிருக்காங்க. அதனால நாலாவது பதில் திரைக்குக் கீழே போயிடுச்சு. இந்தப் பாடத்துல பக்கத்தை நகர்த்தியும் பார்க்க முடியாது. மூணு பதில்தான் கண்ணுல படும்."

"அப்போ நாலாவதுதான் சரின்னா?"

"எவ்வளவு படிச்சிருந்தாலும் தப்புதான்."

அனார்கானுக்கு சல்கினின் பாப்பா ஞாபகம் வந்தது. ஒரு சின்னக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டோமே. ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. அப்போதே போனை எடுத்தாள்.

"சல்கின்! எழுத்தைப் பெருசாக்கினது நீதானே?"

"ஆமா எஜே."

"அதனாலதான்டி நாலாவது பதில் மறைஞ்சுபோச்சு! நீ ஃபெயிலானதே அதனாலதான்!"

"அதனாலயா..." என்றது போன்.

"கண்ணு அவ்வளவு மோசம்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? குழந்தைகளுக்கு ஊசி போடுறவ இப்படியா மறைப்பா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு எஜே."

"பின்ன எதுக்குப் பெருசாக்கினே?"

அவள் வாய் திறப்பதற்குள் உலான் எழுத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். "பாருங்க எஜே, இப்போ நாலும் தெரியுது."

அனார்கான் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தும் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை.

இதே திரையில், அந்தப் பெரிய எழுத்தில்தான் தினமும் காலையில் ஊசிப் பட்டியலைச் சரிபார்த்தாள். ஐம்பத்தெட்டு வயசிலும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை என்று மாடியிலும் கீழேயும் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவர்களின் குறையை முகத்துக்கு நேராகச் சொல்வது மானக்கேடு என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊர்ப் பெண்களை வளர்த்திருக்கிறார்கள்.

"சல்கின்..." என்றாள். மூக்கை உறிஞ்சினாள். ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"எஜே, அழறீங்களா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" சல்கினின் குரல் தணிந்தது. "உலான் இருந்தா, எழுத்தைப் பழையபடி பெருசாவே வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. ஏன்னு கேட்டா, எனக்குத்தான் கண்ணு தெரியாதுன்னு சொல்லிடுங்க."