வில்ஹெல்மினாவுக்கு வேலி

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், முன்பு குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களின் கல்லறைக் கற்களில் உள்ள எழுத்துகளைப் படியெடுக்க அந்த வம்சத்து வெள்ளைக்காரர் ஒருவர் வந்திருந்தார். மாலையும் கையுமாகப் பாஸ்டர் முன்னால் நடந்தார்.

எல்லாக் கல்லிலும் பாசி. ஒரு வயதில் இறந்த வில்ஹெல்மினாவின் கல் மட்டும் சுண்ணாம்பு அடித்து, அரளிப் பூவும் பால்பிஸ்கட்டுமாக இருந்தது. வெள்ளைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை வருடமாகியும் மறக்கவில்லையா?”

“எங்க சபை நன்றி மறக்காதுங்க,” என்றார், அந்தக் கல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த பாஸ்டர்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்த பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று அவர் கைவிரித்ததால், அதே சபையைச் சேர்ந்த தெபோராள் தன் மகளை யாருக்கும் தெரியாமல் அந்தக் கல்லின் காலடியில்தான் புதைத்திருந்தாள். கூட்டத்தில் அவளும் நின்றாள். வாயைத் திறந்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள்.

நெகிழ்ந்துபோன வெள்ளைக்காரர் கல்லறையைச் சுற்றி ஆளுயரக் கம்பிவேலி போட்டுக் கொடுத்தார். பாஸ்டர் நீளமாக ஜெபித்துத் திறந்துவைத்தார். படம் எடுத்து முடிந்ததும் பூட்டிச் சாவியை அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு தெபோராள் கம்பிக்குள் கைவிட்டாள். தோள் இடித்தது. பிஸ்கட் கல்லுக்கு ஒரு முழம் இப்பாலேயே விழுந்தது.

“தள்ளி நில்லும்மா,” என்றார் பாஸ்டர். “பெயிண்ட் இன்னும் காயல.”